தோழி என்ற சொல்

அகத்திணையில் பிரிவுக்கு இடம் இருக்கிறது. பொருள் தேடிப் போனவனுக்காகக் காத்திருப்பதற்கும், வராதவனை எண்ணி இரங்குவதற்கும், வந்தவனோடு ஊடுவதற்கும் தனித்தனியே நிலமும் பொழுதும் ஒதுக்கியிருக்கிறார்கள். பரத்தையிடம் போய்த் திரும்புகிறவனுக்குக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற வழக்கைத் தீர்க்க மருதம் இருக்கிறது. ஆனால் காதலித்து, கூடி வாழ்ந்து, பிறகு பிரிந்துபோன இருவர் ஒருவருக்கொருவர் சிநேகிதர்களாக மிஞ்சும் நிலைக்கு ஐந்திலும் இடமில்லை. கைக்கிளை, பெருந்திணைப் பக்கம் போனாலும் அகப்படாது. நம் மரபில் காதல் பெரும்பாலும் இரண்டு முடிவுகளைத்தான் அறியும் - சேர்தல், அல்லது அழிதல். பின்னால் வந்த நாவலும் சினிமாவும் இந்த ஏற்பாட்டை அதிகம் கலைத்துவிடவில்லை.

இலக்கியத்தில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. என் வாழ்க்கையின் முக்கியமான உறவு அந்த இல்லாத திணையில்தான் இருக்கிறது என்பதால் சொல்கிறேன். 2003லிருந்து 2014 வரை 11 வருஷம் நான் ஒரு பெண்ணோடு வாழ்ந்தேன். நங்கநல்லூரில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வாடகை வீடு. பிறகு பிரிந்தோம். இன்று எனக்கு மிக நெருக்கமானவள் அவள்தான். அவளுக்கு இப்போது வேறு துணை உண்டு. எனக்கும் நடுவில் ஒருத்தி இருந்தாள்; இப்போது இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது அவள், அவள் துணை, நான் மூவரும் சேர்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறோம்.

சென்ற வருஷம் கவிதை எழுதுகிற ஒரு சின்னப் பெண் கேட்டாள்: ‘எப்படிக்கா உங்களால முடியுது?’ அவள் குரலில் வியப்பு இருந்தது. கொஞ்சம் பக்தியும் இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. நான் ஏதோ பெரிய மனசுக்காரி, காயங்களைக் கடந்து நிற்பவள் என்று அவள் நினைத்துக்கொண்டுவிட்டாள். இந்த உறவைப் பற்றி இப்படிப்பட்ட வியப்பும் இதற்கு நேர் எதிரான சந்தேகமும்தான் (‘இன்னும் அவள்மேல் ஆசை போகவில்லை போலிருக்கிறது’) மாறி மாறி வருகின்றன. இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை என்று எனக்குப் படுகிறது.

முதலில் சாதாரணமான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு அது எளிதில் விளங்கும். 300 பிரதி அச்சாகும் ஒரு பத்திரிகை. அதில் ஒருவன் இன்னொருவனுடைய கவிதைத் தொகுப்பைக் கிழித்து எழுதுகிறான். கிழிபட்டவன் அடுத்த இதழில் பதிலுக்குக் கிழிக்கிறான். அடுத்த மாதக் கூட்டத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். பெருந்தன்மை என்று இதைச் சொல்லமுடியுமா? வேறு பெஞ்சு இல்லை. அவனை விட்டால் அந்தக் கவிதையைப் பற்றிப் பேச ஆளே இல்லை.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். 2003ல் சென்னையில் எனக்குத் தெரிந்து இப்படி வாழ்ந்த பெண்கள் 15 பேருக்கு மேல் இல்லை. மாதம் ஒருமுறை யாராவது ஒருத்தியின் மொட்டைமாடியில் கூடுவோம். அங்கேதான் காதல்கள் ஏற்பட்டன, முறிந்தன. முறிந்தவர்கள் அடுத்த மாதமும் அதே மாடிக்குத்தான் வரவேண்டும். ஒருத்தியை விட்டு விலகுவதென்றால் அந்த மாடியையே விட்டு விலகவேண்டும். விலகிப் போக வேறு உலகம் எங்கே இருந்தது? அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. மற்றவர்களுக்கு வீடு இருந்தது, ஆனால் வீட்டில் இருந்தது அவர்கள் இல்லை. ஒருத்தியைப் பெற்றோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் பூட்டி வைத்தபோது, வக்கீலுக்குப் பணம் சேர்த்தவர்களில் அவளோடு இரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்த பழைய காதலியும் ஒருத்தி. அந்தப் பணத்தைக் கொடுத்த கையோடு பேச்சும் தொடங்கியது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய விசேஷம் இல்லை. அமெரிக்காவில் இதை ஆராய்ந்து புத்தகங்களே வந்திருக்கின்றன. 1988ல் கரோல் பெக்கர் பிரிந்த பெண் ஜோடிகளைப் பேட்டி கண்டு, அறுபடாத பிணைப்புகள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். 2004ல் ஜாக்குலின் வைன்ஸ்டாக்கும் எஸ்தர் ராத்ப்ளமும் முன்னாள் காதலியரைப் பற்றியே ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அலிசன் பெக்டெல் 1983லிருந்து 2008 வரை வரைந்த சித்திரத் தொடரில், பழைய காதலி புதிய காதலியின் வீட்டில் குடியிருப்பதும், குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அன்றாடம் நடக்கும் விஷயங்கள். அங்கே இது ஒரு நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. நகைச்சுவையாக ஆகிற அளவுக்கு அது பொதுவான அனுபவம் என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும். குடும்பம் கைவிட்டவர்களுக்குப் பழைய காதல்கள்தாம் உறவினர்களாக மாறுகின்றன. அத்தை, சித்தி, அக்கா எல்லாம் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

தேவை என்ற இந்தக் காரணம் உண்மை. ஆனால் அது பாதிதான். ஆள் பஞ்சத்தால் மட்டும் ஏற்பட்ட சிநேகம் பஞ்சம் தீர்ந்ததும் உலர்ந்துபோகும். இன்று சென்னையில் 15 பேர் என்ற நிலை இல்லை. ஜூன் மாத ஊர்வலத்தில் முகம் தெரியாத எத்தனையோ பெண்கள் நடக்கிறார்கள். அவள் இல்லாமலும் எனக்கு ஆட்கள் உண்டு. ஆனாலும் எங்களுடையது உலரவில்லை. அப்படியானால் வேறு ஏதோ இருக்கவேண்டும்.

அந்த வேறு ஏதோவை யோசிக்கும்போது நான் ‘தோழி’ என்ற சொல்லில்தான் வந்து நிற்கிறேன். சங்கக் கவிதையில் காதலின் பெரும்பகுதியைத் தோழிதான் பேசுகிறாள். தலைவியின் உடம்பு மெலிவதை முதலில் பார்ப்பவள், செவிலியிடம் சொல்வதா மறைப்பதா என்று முடிவு செய்பவள், தலைவனை வரச் சொல்பவள், வராதே என்பவள் எல்லாம் அவள்தான். தலைவிக்கு நேர்வதெல்லாம் தோழியின் வாயால் பிரக்ஞைக்கு வருகிறது. அவளுக்கென்று ஒரு காதல் இருந்ததா என்று கவிதை கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்கு வேறொரு வேலை இருந்தது. வீட்டுக்காரரிடம், அலுவலகத்தில், கும்பகோணத்திலிருந்து வந்துபோகும் அவள் அம்மாவிடம், எல்லோரிடமும் நாங்கள் ‘ஃப்ரெண்ட்ஸ்’. ‘ஃப்ரெண்டோட தங்கியிருக்கா, வாடகையில பாதிப் பாதி’ என்று அந்த அம்மா ஊரில் சொல்லிக்கொண்டார். இரண்டாவது அறையில் ஒரு கட்டில் போட்டு, யாரும் படுக்காத படுக்கைக்கு வாரம் ஒருமுறை உறை மாற்றினோம். 11 வருஷம் அந்தச் சொல் எங்களுக்கு ஒரு திரை. அதற்குப் பின்னால்தான் நாங்கள் வாழ்ந்தோம். அந்தச் சொல்மேல் எனக்கு அப்போது ஒரு வெறுப்பே இருந்தது.

பிரிந்தபோது விசித்திரமான ஒன்று நடந்தது. வெளியே எதுவுமே மாறவில்லை. அவளுக்கு வேளச்சேரிப் பக்கம் ஆபீஸ் மாறிவிட்டது, அதனால் வீடு மாறுகிறாள் என்றார்கள். அவ்வளவுதான். கல்யாணம் ஆனவர்கள் பிரிந்தால் பஞ்சாயத்து உண்டு, வக்கீல் உண்டு, அழுவதற்கு அம்மா உண்டு, ‘அவ நல்லா இருக்க மாட்டா’ என்று சாபம் கொடுக்க ஒரு பெரியம்மாவாவது உண்டு. எங்கள் காதலுக்குச் சாட்சி இல்லாததால் எங்கள் பிரிவுக்கும் சாட்சி இல்லை. வண்டியில் சாமான் ஏற்றிய அன்று வீட்டுக்காரர் அம்மா அவளிடம், ‘அடிக்கடி வந்து போம்மா, ஃப்ரெண்டு தனியா இருப்பா’ என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஊரின் கண்ணில் நாங்கள் என்னவாக இருந்தோமோ, அன்றைக்கு நிஜமாகவே அதுவாக ஆகிவிட்டோம். 11 வருஷம் சொன்ன பொய் அன்று உண்மையாயிற்று.

அதை உண்மையாக்க எங்களுக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது என்பதையும் சொல்லவேண்டும். முதல் ஆறு மாதம் பேச்சே இல்லை. பிறகு பேச்சு வந்த வழி காவியத்துக்கு உரியது இல்லை. கேஸ் இணைப்பு அவள் பெயரில் இருந்தது, அதை மாற்றவேண்டும். அதைவிட முக்கியம், எழுபதுகளின் சிறுபத்திரிகை இதழ்கள். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் ஞாயிறு ஞாயிறாக இருவரும் பொறுக்கிச் சேர்த்தவை. பிரிக்கும்போது கோபத்தில் கணக்குப் பார்க்காமல் கைக்கு வந்ததை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். ஒரு கட்டுரையின் முதல் பகுதி என்னிடம், தொடர்ச்சி அவளிடம். ஒரு சர்ச்சையில் குற்றச்சாட்டு அவளிடம், மறுப்பு என்னிடம். நான் ஒரு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தபோது அவளிடம் இருந்த இதழ் இல்லாமல் நகர முடியவில்லை. போன் செய்தேன். அவள் படித்துக் காட்டினாள். படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, ‘இவன் இங்க தப்பு பண்றான்டீ’ என்றாள். அரைமணி நேரம் சண்டை போட்டோம். வேறு யாரோ எழுதிய கட்டுரையைப் பற்றி. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த ‘டீ’யைக் கேட்டேன்.

இந்த இடத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு நெருக்கமான ஒரு உதாரணம் ஞாபகம் வருகிறது. ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ முதலில் எங்கே வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1914ல் சிகாகோவில் மார்கரெட் ஆண்டர்சன் தொடங்கிய ‘தி லிட்டில் ரிவ்யூ’வில்தான். ஜேன் ஹீப் 1916ல் அதில் சேர்ந்தார். இருவரும் காதலர்கள்; ஒரே வீடு, ஒரே பத்திரிகை. 1918லிருந்து 1920 வரை ‘யுலிஸிஸ்’ தொடராக வந்தது. தபால் துறை இதழ்களைப் பறிமுதல் செய்தது. 1921ல் ஆபாசம் என்று வழக்கு முடிந்து, ஆளுக்கு 50 டாலர் அபராதம் கட்டினார்கள். இதுவரை இலக்கிய வரலாறு. அதற்குப் பிறகு நடந்ததை இலக்கிய வரலாறு அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறது.

மார்கரெட் பாடகி ஜார்ஜெட் லெப்லாங்கைக் காதலித்து, அவரோடு பிரான்ஸுக்குப் போய்விட்டார். பத்திரிகையை நியூயார்க்கில் இருந்துகொண்டு ஜேன் நடத்தினார், கண்காட்சிகள் வைத்தார். கைவிடப்பட்டவள் கைவிட்டவளின் பத்திரிகையை வருஷக்கணக்கில் சுமந்தாள் என்று இதைத் துயரக் கதையாகச் சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. 1929 மே மாதம் கடைசி இதழ் பாரிஸில் வந்தபோது, அதில் இருவரும் ஆளுக்கொரு தலையங்கம் எழுதினார்கள். சேர்ந்து நடத்தியதைச் சேர்ந்து மூடினார்கள். இருவரும் குர்ஜீஃபின் மாணவர்கள். ஜேன் 1935ல் லண்டனுக்குப் போனார். மார்கரெட் ஜார்ஜெட்டோடு 1941ல் அவர் சாகும்வரை இருந்தார். 1962ல் குர்ஜீஃபைப் பற்றி மார்கரெட் ஒரு புத்தகம் எழுதினார். அதை ஜேன் ஹீப்புக்குச் சமர்ப்பித்தார். காதல் முடிந்து நாற்பது வருஷம் ஆகியிருக்கும். இரண்டு வருஷம் கழித்து ஜேன் இறந்தார்.

இந்தக் கதையில் மூன்றாவது ஒருத்தியும் உண்டு. ஃப்ளாரன்ஸ் ரெனால்ட்ஸ், மார்கரெட்டுக்கு முன்னால் ஜேனின் காதலி. 1908 வாக்கில் தொடங்கிய உறவு. ஜேன் பத்திரிகைக்குள் வந்து மார்கரெட்டோடு வாழத் தொடங்கிய பிறகும் ஃப்ளாரன்ஸுக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்தக் கடிதங்கள் 2000ல் புத்தகமாக வந்தன. மார்கரெட் சுயசரிதை எழுதினார், ஜேன் எழுதவில்லை. ஜேன் என்ற மனுஷி இன்று நமக்குக் கிடைக்கிறார் என்றால், அவர் முன்னாள் காதலி கடிதங்களைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்ததால்தான்.

இங்குதான் எனக்கு விஷயம் பிடிபட்டதாகத் தோன்றுகிறது. எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கைக்குப் பத்திரம் கிடையாது. கல்யாணப் போட்டோ இல்லை, ரேஷன் கார்டில் பெயர் இல்லை, ‘நீ அப்போ எப்படி இருந்தே தெரியுமா’ என்று சொல்ல மாமியார், நாத்தனார் இல்லை. என் 28 வயதிலிருந்து 39 வயதுவரை நான் யாரோடு, எப்படி, எதற்காக வாழ்ந்தேன் என்பதற்கு இந்த உலகத்தில் உள்ள ஒரே தஸ்தாவேஜு அவள்தான். 2009ல் டெல்லித் தீர்ப்பு வந்த ராத்திரி அவள் அழுததையும், 2013ல் அதை உச்ச நீதிமன்றம் தள்ளியபோது நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததையும் வேறு யார் அறிவார்கள்? அவளை இழந்தால் நான் இழப்பது ஒரு பழைய காதலியை மட்டுமில்லை. அந்த 11 வருஷம் நடந்தது என்ற நிச்சயத்தையே இழக்கிறேன். தலைவிக்குத் தோழி எதுவோ அதுவாக நாங்கள் ஒருவருக்கொருவர் ஆகியிருக்கிறோம்.

இதை ஒரு லட்சியமாகச் சொல்லிவிடக்கூடாது என்றும் எனக்குத் தெரியும். சின்ன வட்டங்களில் சிநேகம் சுலபமாகக் கட்டாயமாக மாறிவிடுகிறது. ‘நாமெல்லாம் ஒரே குடும்பம், பழசை மறந்துவிடு’ என்று அடிபட்டவளிடம் சொல்லப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். எங்கள் மாடியிலேயே ஒருத்தி தன் துணையின் கன்னத்தில் அறைந்த செய்தி வந்தபோது, அறை வாங்கியவள்தான் கூட்டங்களுக்கு வராமல் ஒதுங்கினாள். அறைந்தவள் தொடர்ந்து வந்து எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். முன்னாள் காதலியோடு சிநேகமாக இருப்பது பக்குவத்தின் அடையாளம் என்று ஒரு விதி உண்டாகிவிட்டால், விலகிப் போகிறவள் பக்குவமற்றவள் ஆகிவிடுவாள். குடும்பம் என்ற அமைப்பின் கொடுமையே அதிலிருந்து வெளியேற முடியாது என்பதுதான். அதைத் திரும்ப எங்கள் கையாலேயே கட்டிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. போக முடிகிற இடத்தில் போகாமல் இருப்பதற்குப் பெயர்தான் சிநேகம்.

2019ல் அவளுக்குக் கர்ப்பப்பைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை. தனியார் ஆஸ்பத்திரி. அவள் கையெழுத்துப் போட்ட பிறகும் உறவினர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவள் துணையும் நானும் பக்கத்தில் நின்றிருந்தோம். ‘நீங்க பேஷண்டுக்கு யாரு?’ என்று கேட்டார் கௌண்டரில் இருந்தவர். இருவரும் ஒரே சமயத்தில் ‘ஃப்ரெண்டு’ என்றோம். அந்த ஒரே சொல்லுக்குள் அவள் ஒன்றைச் சொன்னாள், நான் ஒன்றைச் சொன்னேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டும் போதாது. ராத்திரி பஸ் பிடித்து அவள் தம்பி கும்பகோணத்திலிருந்து வந்து காலையில் கையெழுத்துப் போட்டான். மயக்க மருந்து டாக்டர் வந்து, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டபோது அவளுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. தம்பிக்குத் தெரியாது. துணைக்கும் தெரியாது. 2007ல் சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப்போய் விடியவிடிய நான் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். என்ன உறவு என்று அவர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2018 செப்டம்பரிலேயே 377ஆம் பிரிவு எங்களை விட்டிருந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கல்யாணம் செய்துகொள்ளும் உரிமை இல்லை என்றது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் அடைத்து வைத்திருந்த ஒரு பெண்ணை விடுவித்தபோது, குடும்பம் உண்டாகக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்று ஒன்று உண்டு என்றது. அந்தத் தீர்ப்பைப் பற்றி நாங்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது பேசினோம். அவள் துணை சந்தோஷப்பட்டாள். நியாயம்தான், அவளுக்கு அது நாளைக்கே உதவும். எனக்குள் ஒரு கேள்வி. தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பத்தில், ஒருமுறை தேர்ந்தெடுத்து, பிறகு விட்டு, மறுபடி வேறு விதமாகத் தேர்ந்தெடுத்தவளுக்கு எந்தக் கட்டத்தில் பெயர் எழுதுவார்கள்?

‘உறவுமுறை’ என்று அச்சடித்த அந்தக் கட்டத்தைப் பற்றி இப்போது எனக்கு முன்புபோல் கோபமில்லை. சட்டம் அதை நிரப்பட்டும்; வேண்டியதுதான். ஆனால் எங்களுக்குள் இருப்பதற்குப் புதிய சொல் தேடி நான் அலையவில்லை. ‘முன்னாள் காதலி’ என்பது பத்திரிகைக்காரன் சொல். அதில் ‘முன்னாள்’தான் உரக்கக் கேட்கிறது. ஒரு காலத்தில் நான் வெறுத்த சொல்லே போதும் என்றாகிவிட்டது. திரையாக இருந்த சொல்லுக்குள் இப்போது ஆள் இருக்கிறாள். போன வாரம் அவள் கூப்பிட்டாள். தன்னிடம் இருக்கும் பாதி இதழ்களில் பூச்சி அரிக்கத் தொடங்கிவிட்டதாம்; என்னிடம் இருப்பதோடு சேர்த்து ஒரே இடத்தில் வைத்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம், வேப்பிலை போட்டு வை என்று சொல்லிவிட்டேன்.